செப்புக்காசுக்கு வந்த நோய்

சவரியம்மாளைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு நினைப்பு. எழுதத் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் மீன் மார்க்கெட்டிலும் ஐஸ் கம்பெனியிலும் வேலையாக இருக்கிறார்கள். மிச்சம் இருப்பது நான்தான். என் பெயர் தேவநாதன். கூட்டுறவு சங்கத்தில் இருபத்தாறு வருஷம் டைப்படித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, வீட்டில் உட்கார முடியாமல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ராஜமாணிக்கம் ஐயாவின் நாணயக் காட்சிக்கூடத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். அந்தம்மாவைப் பற்றி எழுதினால் என் யோக்கியதையும் கூடவே வெளியே வரும். வரட்டும்.

ஐயா அண்ணாகிராமத்துப் பக்கத்து முந்திரிக்காரர். வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, சின்ன வயசிலிருந்து சேர்த்த பழைய காசுகளை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று 2006-ல் தன் வீட்டின் முன்பகுதியைக் காட்சிக்கூடமாக மாற்றினார். பெண்ணையாற்று மணலில் கிடைத்தது, பண்ருட்டியில் பழைய பாத்திரக் கடையில் வாங்கியது, மேல்பட்டாம்பாக்கத்தில் யாரோ அஸ்திவாரம் தோண்டும்போது வந்தது என்று எல்லாமே இந்த வட்டாரத்துக் காசு. அதில் அவர் உயிரை வைத்திருந்தது இருநூற்றுப் பதினொரு சோழர் காலத்துச் செப்புக்காசுகளில். ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், பக்கத்தில் எழுத்து. பார்க்கத் தெரிந்தவருக்கு அதெல்லாம் தெரியும். எனக்கு அப்போது புளியங்கொட்டை மாதிரி கறுப்பாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்.

சவரியம்மாள் அங்கே பெருக்கித் துடைக்கிற வேலைக்கு வந்தவர். வீடு முதுநகரில். வீட்டுக்காரர் தேவசகாயத்துக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. ஒரே மகள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சவரியம்மாளுக்கு வேலை கிடைத்ததே ஒரு கீர்த்தியால்தான். அவர்கள் தேவாலயத்தில் பித்தளை மெழுகுவர்த்தி ஸ்டாண்டுகளை ஈஸ்டருக்கு முன்னால் தேய்த்து வைக்கிற பொறுப்பு அவருடையது. அவர் தேய்த்த ஸ்டாண்டில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று முதுநகரில் சொல்வார்கள். ஊறவைத்த புளி, ஒரு கைப்பிடி கல்லுப்பு, கொஞ்சம் சாம்பல். நம் வீடுகளில் எல்லோரும் பித்தளை தேய்க்கிற வழிதான், அவருக்குக் கை ஜாஸ்தி ஓடும்.

ஜூன் மாசம் திறப்பு விழா. அழைப்பிதழ் கொடுக்க ஐயா சென்னைக்குப் போயிருந்தார். போகும்போது எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து, "காசை மெல்லிசு பிரஷ்ல தூசி தட்டினா போதும், வேற ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. பெரிய அதிகாரிகள் வருகிற இடத்தில் கரிக்கட்டை மாதிரி காசுகளை வெல்வெட்டில் வைத்தால் ஊர் சிரிக்கும் என்று பட்டது. சவரியம்மாளைக் கூப்பிட்டேன்.

"இதெல்லாம் சர்ச்சு ஸ்டாண்டு மாதிரி பளபளன்னு ஆக்கணும். புளி வச்சிருக்கியா?"

"ஐயா பிரஷ்ல தட்டினா போதும்னுதான சார் சொன்னாரு?"

"அவரு சொல்லுவாரு. நாளைக்கு வர்றவங்ககிட்ட நிக்கப்போறது யாரு, நான்தான? நான் சொல்றேன்ல, தேய்."

அந்தம்மா போய் பிளாஸ்டிக் டப்பில் புளியையும் உப்பையும் கரைத்தார். சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினொன்றும் புதுச் செம்புக்குடம் மாதிரி சிவந்து போயின. மோட்டார் தண்ணீரில் அலசி, மாடியில் துண்டு விரித்துக் காயவைத்தோம். எனக்கு ஏதோ நானே அச்சடித்த மாதிரி பெருமை.

விழாவன்று காலையில்தான் ஐயா ஊரிலிருந்து வந்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் பக்கத்தில் நின்ற விருந்தாளிகள் "ஆஹா, தங்கம் மாதிரி இருக்குதே" என்று சொல்ல, அவரும் மெல்ல மலர்ந்தார். "யாரு தேச்சது?" என்று கேட்டார். நான் பெரிய மனசு பண்ணி, "நம்ம சவரிதாங்க" என்றேன். அந்தம்மாவுக்கு ஒரு புடவை கிடைத்தது. யார் தேய்க்கச் சொன்னது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பரில் மழை பிடித்தது. கடலூர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். ஒருநாள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த சவரியம்மாள் என்னைக் கூப்பிட்டார். ஏழெட்டுக் காசுகளில் வெளிர்பச்சையாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. சுண்ணாம்பில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்த நிறம். காசுக்கு அடியில் வெல்வெட்டிலும் அந்தத் தூள் உதிர்ந்திருந்தது.

"களிம்பும்மா. செம்புன்னா களிம்பு பிடிக்கத்தான் செய்யும். துணியால துடைச்சு விடு" என்றேன்.

துடைத்தார். மறுவாரம் மறுபடி கூப்பிட்டார். "சார், இது களிம்பு இல்ல. களிம்புன்னா வழவழன்னு பிடிச்சுகினு இருக்கும், தேச்சா போயிடும், திரும்பி வர நாளாகும். இது மாவு மாதிரி உதிருது. நான் துடைச்ச அதே இடத்துல, அதே புள்ளியில திரும்ப வருது. துடைச்ச இடம் குழியா வேற இருக்குது பாருங்க."

பார்த்தேன். நிற்கிற ஆளின் முழங்காலுக்குக் கீழே ஊசியால் குத்தின மாதிரி குழி. இருந்தாலும் "கடல் காத்து" என்று சொல்லிவிட்டு டைப்ரைட்டருக்குப் போய்விட்டேன்.

டிசம்பரில் ஐயா கண்ணிலேயே பட்டுவிட்டது. அன்றைக்கு அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "ஆயிரம் வருஷம் மண்ணுக்குள்ள நல்லா இருந்த காசு, ஆறு மாசத்துல இப்படி ஆவுதுன்னா என்ன பண்ணீங்க? யாரு பண்ணது?" என்று கேட்டார். கேட்டது எங்கள் இரண்டு பேரையும் பார்த்து. பெருமை வந்தபோது பெயரைச் சொன்னவன் நான், பழி வந்தபோது என் வாய் ஒட்டிக்கொண்டது. சவரியம்மாள் என்னை ஒரு தரம் பார்த்தார். அப்புறம், "நான்தாங்க தேச்சேன், புளியும் உப்பும் போட்டு" என்றார்.

ஐயா வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால், இனிமேல் அந்தம்மா காசைத் தொடக் கூடாது, அலமாரிச் சாவி தேவநாதனிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். காசைக் கெடுத்தவனிடம் சாவி. நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இன்னொருவராக இருந்தால் அழுதிருப்பார், இல்லை, அன்றைக்கே என்னைக் காட்டிக்கொடுத்திருப்பார். அந்தம்மா இரண்டும் செய்யவில்லை. மகள் ஹாஸ்டல் வார்டனின் தங்கை மாலதி என்று ஒருவர், சிதம்பரத்தில் ஒரு கல்லூரி வேதியியல் லேபில் உதவியாளர். பழைய செப்புச் சிலைகளைச் சுத்தம் செய்கிற குழுவோடு இரண்டு வருஷம் வேலை பார்த்தவராம். இதை மகள் மூலம் எப்படியோ கேட்டுத் தெரிந்துகொண்டு, 2007 மார்ச்சில் சவரியம்மாள் நேராக ஐயா எதிரில் போய் நின்றார்.

"ஐயா, இனிமே ஆவாதுன்னு நீங்க நினைக்கிற காசு ஒண்ணு குடுங்க. சிதம்பரத்துல காட்டிட்டு வரேன். என்னா வியாதின்னு தெரியாம நான் சும்மா இருக்க முடியாது. கெடுத்தவ நான்தான, நான்தான் பாக்கணும்."

ஐயா என்னை அலமாரியைத் திறக்கச் சொல்லி ஒரு காசை எடுத்தார். "தேவநாதன் கூட வரட்டும். காசு அவர் பையில இருக்கட்டும்" என்றார்.

சிதம்பரம் பஸ்ஸில் அந்தம்மா முன்னால் பெண்கள் சீட்டில், நான் நாலு வரிசை பின்னால். ஆலப்பாக்கம் போய், புதுச்சத்திரம் போய், முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் ஏறுகிற வரைக்கும் அந்தம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

மாலதி சின்ன வயசுக்காரப் பெண், பேச்சில் சுற்றிவளைக்கிற பழக்கமே இல்லை. காசை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்ததுமே, "இத எதுல கழுவுனீங்க?" என்றார். சவரியம்மாள் சொன்னார்.

"புளிய விடுங்கம்மா, உப்புதான் ஆபத்து. உப்புல இருக்கற குளோரைடு காசுக்குள்ள இறங்கிடுச்சு. காசு மேல பழைய தோல் ஒண்ணு இருந்துது பாருங்க, கறுப்பா, கெட்டியா? அதுதான் காவல். அதைத் தேச்சு எடுத்துட்டு உப்பையும் உள்ள விட்டுட்டீங்க. ஈரம் பட்டா அது செம்ப அரிக்கும், அரிச்சது பச்சைத் தூளா வெளிய வரும். அரிச்சும் அது தீராது, உள்ளயே இருந்து திரும்ப அரிக்கும். இதுக்குப் பேரே வெண்கல நோய்தான். செம்புக்கும் வரும். அப்படியே விட்டா காசு முழுக்கத் தூளாயிடும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவரியம்மாள் கேட்டார்: "எல்லாக் காசுலயும்தான் பள்ளத்துல பச்சை இருக்குது. எது வியாதி வந்தது, எது வராததுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?"

மாலதி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்வியைப் படித்தவர்களே கேட்பதில்லை என்றார். இரண்டு சோதனை சொல்லிக்கொடுத்தார். ஒன்று, ஈர்க்குச்சி முனையால் மெல்லத் தொட்டுப் பார்ப்பது. கரும்பச்சையாக, கெட்டியாக, குச்சிக்கு அசையாமல் இருந்தால் அது பழைய தோல், அதைச் சீண்டவே கூடாது. வெளிர்பச்சையாகத் தூள் உதிர்ந்தால் நோய். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பதைப் பிடிக்க. ஒரு டப்பாவில் ஈரப் பஞ்சை வைத்து, அதில் படாமல் காசை ஒரு பிளாஸ்டிக் மூடியில் தூக்கி வைத்து, இறுக்கி மூடி இரண்டு மூன்று நாள் விடுவது. நோய் இருந்தால் புதுத் தூள் வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐயாவிடம் வந்து நான்தான் எல்லாம் விளக்கினேன். தேய்க்கச் சொன்னது யார் என்ற ஒன்றைத் தவிர. அவர் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணி நேரம், தேவநாதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அந்தம்மா காசைத் தொடலாம்.

எவர்சில்வர் டிபன் டப்பா ஆறு. ஒரு தடவைக்கு ஆறு காசு. ஒவ்வொரு டப்பா மேலும் பிளாஸ்திரியில் எண். செவ்வாய் வைத்தால் வெள்ளி திறப்பது, வெள்ளி வைத்தால் செவ்வாய் திறப்பது. திறக்கும்போது அந்தம்மா மூச்சை அடக்கிக்கொள்வார். புதுத்தூள் இருந்தால் சிவப்பு நூல், இல்லாவிட்டால் வெள்ளை நூல் கட்டிய கவருக்குள் போகும். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் நானே கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று குண்டூசியை எடுத்து ஒரு காசில் பச்சையைச் சுரண்டினேன். அது கெட்டிப் பச்சை, புளிக்குத் தப்பி ஒட்டிக்கொண்டிருந்த பழைய தோல். உட்கார்ந்த ஆள் மேல் வெள்ளைக்கோடு விழுந்தது.

"சார், கைய எடுங்க" என்றார் சவரியம்மாள். சத்தம் போடவில்லை. ஆனால் அவ்வளவு கோபத்தை நான் அதற்கு முன்னால் அவரிடம் பார்த்ததில்லை. "இது நல்லா இருக்கற காசு. சர்ச்சுல தேக்கறப்பவும் இதே கோளாறுதான் எனக்கு, பச்சைன்னா அழுக்குன்னு நினைச்சுகினு இருந்தேன். நான்தான் தெரியாம பண்ணேன். உங்களுக்குத்தான் இப்பத் தெரியுமே."

ஐந்து மாசம் பிடித்தது. இருநூற்றுப் பதினொன்றில் ஐம்பத்தெட்டுக்கு நோய். கண்ணால் பார்த்து நாங்கள் எண்ணியிருந்தது இருபத்து மூன்று. டப்பா இல்லாவிட்டால் மீதி முப்பத்தைந்தும் சத்தமில்லாமல் செத்திருக்கும்.

சிகிச்சையை மாலதி ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். தூளை ஈர்க்குச்சியால் எடுத்துவிட்டு, அவர் நிறுத்துக் கொடுத்த சோடாக் கலவையைக் கரைத்து வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும், பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் மாற்றி மாற்றி அலச வேண்டும். அலசின தண்ணீரில் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஒரு துளி அமிலம், ஒரு துளி வெள்ளி நைட்ரேட். பால் கலங்கின மாதிரி வெள்ளையானால் உப்பு இன்னும் வெளியேறுகிறது என்று அர்த்தம். தெளிவாக இருந்தால் போதும். அந்த வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் கறுத்துவிடும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. மாலதி கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டால் குழாய் பிடிக்க வரவில்லை என்று அந்தம்மா கழற்றிவிடுவார். அந்த வருஷம் சவரியம்மாள் நற்கருணை வாங்கக் கை நீட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவர்கள் விரலைப் பார்த்தார்களாம்.

குழாய் தெளியவே இல்லை. ஒரு மாசம், இரண்டு மாசம், மூன்றாவது மாசமும் வெள்ளை. ஐயா "போதும், விட்டுடுங்க, அதுக்கு விதி முடிஞ்சிபோச்சு" என்றே சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன், எனக்கு செவ்வாய் வெள்ளி மிச்சமாகுமே.

சவரியம்மாள் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, காசே போடாத புதுத் தண்ணீரைக் கேனிலிருந்து நேராகக் குழாயில் ஊற்றித் துளி விட்டார். வெள்ளை.

குழாயை என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். "சார், இந்தத் தண்ணி எங்க வாங்கினீங்க?"

பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். முதல் கேன் நல்ல கடையில். அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது, சாமர்த்தியம் என்று நினைத்து அங்கேயே வாங்கினேன். போர்த் தண்ணீரைப் பிடித்து லேபிள் ஒட்டியிருக்கிறான். உப்பை எடுக்க உப்புத் தண்ணீரிலேயே மூன்று மாசம் ஊறவைத்திருக்கிறோம்.

"நீங்க காசைக் காப்பாத்தறதுக்கு வரீங்களா, மிச்சம் பிடிக்கறதுக்கு வரீங்களா?" என்று கேட்டார். அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வந்தது. ஐயா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சாப்பிடும்போது எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைக்கு எப்போதும் யாராவது சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

அதற்குப் பிறகு தண்ணீரும் சவரியம்மாள் பொறுப்பு. சனிக்கிழமை மகளைப் பார்க்கச் சிதம்பரம் போவார், மாலதி லேபிலிருந்து இரண்டு கேன் நல்ல தண்ணீரோடு திரும்புவார். கண்டக்டர் ஒருத்தன் "என்னம்மா, சரக்கா?" என்று கேட்டிருக்கிறான். மூடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லி, பஸ்ஸே சிரிக்கிற மாதிரி அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். முதுகு வலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டே தேவசகாயம் இளைத்துவிட்டார் என்று அந்தம்மாவே சொல்வார்.

2008 பிப்ரவரியில் முதல் குழாய் தெளிந்தது. எண் நூற்றுப் பதினேழு. சவரியம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, நம்பாமல் இன்னொரு துளி விட்டார். தெளிவுதான். உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, தும்மல் மாதிரி நடித்தேன்.

மற்றதெல்லாம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம். தெளிந்த காசுகளை மாலதி லேபில் உலர்த்தி, காப்புப் பூச்சுப் பூசி, காற்றுப் புகாத பெட்டிகளில் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைத்தோம். மணி நீலமாக இருந்தால் உள்ளே ஈரமில்லை, இளஞ்சிவப்பானால் வாணலியில் போட்டு வறுத்து மறுபடி நீலமாக்க வேண்டும். மூன்று காசு பிழைக்கவில்லை, குச்சி பட்டதும் கையிலேயே உதிர்ந்துவிட்டன. அந்தத் தூளைக்கூட அந்தம்மா எண் போட்டு மூன்று பொட்டலமாகக் கட்டி வைத்தார்.

2011 டிசம்பர் முப்பது, தானே புயல். எங்கள் தெருவில் நிமிர்ந்து நின்ற மரம் ஒன்று இல்லை, கரண்ட் வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயா சென்னையில் மகன் வீட்டில் இருந்தார். என் வீட்டுச் சமையல்கட்டு ஓடு பறந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள்தான் காட்சிக்கூடத்துக்குப் போனேன். அலமாரி எதிரில் தரையில் சவரியம்மாள் உட்கார்ந்திருந்தார். கூரை பிய்ந்து மழை உள்ளே வந்திருந்தது. தண்ணீரையெல்லாம் வாரி இறைத்துவிட்டு, அலமாரி மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். முதல் நாளே முதுநகரிலிருந்து விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருக்கிறார். அவர் வீட்டுக் கூரையும் போய்விட்டதாம்.

"பெட்டிய தெறந்து பாக்கணும் சார். மணி என்னா கலர்ல இருக்குதோ. மூணு நாளா உக்காந்துகினு இருக்கேன், சாவி உங்ககிட்டதான?"

பூட்டை உடைத்திருக்கலாம். வாசல் கதவைத் திறந்துவிட்ட காவல்காரரைக் கூப்பிட்டால் உடைத்துக் கொடுத்திருப்பார். அந்தம்மா உடைக்கவில்லை, ஐயா தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் அல்லவா. திறந்தேன். மணிகள் எல்லாம் இளஞ்சிவப்பு. விழுந்த வேப்பமரத்துக் கிளையை வெட்டி வாசலில் அடுப்பு மூட்டி, பத்து நாள், காலையும் மாலையும் வாணலியில் மணி வறுத்தோம். ஒரு காசில்கூடத் தூள் வரவில்லை. ஆனால் அவர் அந்தப் பூட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த காட்சி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கெடுக்கச் சொன்னவன் வரட்டும் என்று, கெடுத்தவள் என்று பெயர் வாங்கினவர் மூன்று நாள் காத்திருக்கிறார்.

புயலுக்குப் பிறகு ஐயாவுக்குத் தெம்பு போய்விட்டது. சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற காட்சிக்கூடத்துக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட முடிவு செய்தார். 2012 ஜூலையில் அவர்கள் அச்சடித்த கார்டுகள் வந்தன. காசுக்கு ஒரு கார்டு. எண், எடை, இப்போதைய நிலை, இதற்கு முன்னால் காசுக்கு என்ன செய்யப்பட்டது, செய்தவர் யார். கார்டை டைப் செய்வது என் வேலை. ஐயா சாய்வு நாற்காலியில், சவரியம்மாள் ஸ்டூலில், நான் மெஷினில்.

"நாலாவது கட்டத்தைக் காலியா விட்டுடலாங்க. அதான் எல்லாம் சரியாயிடுச்சே" என்றேன். ஐயாவும் "அதுவும் சரிதான், அந்த மூணு பொட்டலத்தையும் விட்டுடு" என்றார்.

"வேணாங்க" என்றார் சவரியம்மாள். "எழுதுங்க சார். 2006 ஜூன், புளியும் கல்லுப்பும் போட்டுத் தேச்சது. எல்லாத்துலயும் எழுதுங்க, வெள்ளை நூல் காசுலயும், அந்தப் பொட்டலத்துலயும். நாளைக்கு நாம இருக்க மாட்டோம். எங்கனா ஒரு காசுல திரும்பப் பச்சை வந்துதுன்னா, உப்பு உள்ள போன காசு இதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சாதான சரியா மருந்து பண்ணுவாங்க. செஞ்சவர்னு இருக்கற எடத்துல எம்பேரப் போடுங்க. எனக்கு அதுல வெக்கம் இல்ல."

புளி என்று அடித்தேன். உப்பு என்று அடித்தேன். செய்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் ஓடவில்லை. இருபத்தாறு வருஷம் யார் யார் பொய்யையெல்லாமோ சொன்னபடி அடித்துக் கொடுத்த விரல்.

"ஐயா, தேய்க்கச் சொன்னது நான்" என்றேன். "நீங்க வேணாம்னு சொன்னத அந்தம்மா ஞாபகப்படுத்தினாங்க. நான்தான் அதட்டித் தேய்க்க வச்சேன்."

ஐயா எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஆறு வருஷம் இந்தம்மாவைக் காவல் போட்டு உக்கார வச்சேன்டா, உன்னைக் காவலா போட்டு" என்றார்.

சவரியம்மாள் என்னை மன்னித்துச் சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தால் அது என் முட்டாள்தனம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இப்பதான் வாய் வந்துதா சார்? எம்பொண்ணு ஹாஸ்டல்லேருந்து வந்து, 'ஏம்மா, ஆயிரம் வருஷத்துக் காச நீ கெடுத்துட்டியாமே'ன்னு கேட்டா. அன்னைக்குச் சொல்லியிருக்கணும் நீங்க. நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் பாத்தேன்." மூச்சு வாங்கினார். அப்புறம் ஸ்டூலை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, அடிங்க. இருநூத்திப் பதினொண்ணு இருக்குது."

அந்தக் கார்டைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒன்று செருகினேன். நாலு நாள் ஆனது முடிய. ஒவ்வொன்றையும் அடித்து வாசித்துக் காட்டுவேன், அந்தம்மா காசோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைப்பார். இன்றைக்கும் சிதம்பரத்தில் போய் எந்தக் கார்டை எடுத்தாலும் அதில் இப்படித்தான் இருக்கும்: தேய்க்கச் சொன்னவர் தேவநாதன். தேய்த்தவர் சவரியம்மாள். நோய் உண்டா இல்லையா என்று சோதித்தவர் சவரியம்மாள். காப்பாற்றியவர் சவரியம்மாள்.

பிழைக்காத அந்த மூன்று காசின் கார்டுகளில் மட்டும் கடைசி வரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதில் என் பெயரும் அவர் பெயரும்தான் இருக்கின்றன.